எண்ணெய் கொதிக்காத ஏழு நாள்

நாவலடிவட்டைச் சமுதாயக் கல்லூரியின் பொறுப்பாளர் கேதீஸ்வரிக்கு அந்த வைகாசியில் வந்த இக்கட்டு வேறு எவராலும் வந்ததல்ல. தன் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொண்டது. அதை ஒத்துக்கொள்ள அவளுக்கு மூன்று நாள் பிடித்தது.

விசயம் இதுதான். கல்லூரியில் சமையல் படிக்கும் பதினொரு பேருக்கும் வெள்ளிக்கிழமை செய்முறைப் பரீட்சை. பரீட்சகர் ஓர் உறையில் பதினொரு சீட்டுக் கொண்டுவருவார். ஆளுக்கொரு சீட்டு எடுத்து, அதில் எழுதியிருப்பதைச் சமைத்துக் காட்ட வேண்டும். அவற்றில் இரண்டு எண்ணெயில் பொரிக்கிற சீட்டு. பத்துப் பேராவது தேறினால் கல்லூரி இனித் தன் கையாலேயே சான்றிதழ் கொடுக்கலாம், புதிய கட்டடமும் வரும். தேறாவிட்டால் எல்லாப் பாடநெறிகளையும் நகரத்துக்கு எடுத்துவிடுவோம் என்று தலைமை அலுவலகம் கடிதமே போட்டிருந்தது.

அதே வெள்ளிக்கிழமை ஊர் அம்மன் கோயிலில் சடங்கின் ஐந்தாம் நாள். சடங்கு நடக்கிற ஏழு நாளும் நாவலடிவட்டை எல்லைக்குள் எண்ணெய் கொதிக்கக் கூடாது. அம்மன் கொதித்துக்கொண்டு வருகிறாள், கடைசி நாளில் குளிர்த்தி பாடி அவளைக் குளிரவைக்கும்வரை ஊரில் எந்த அடுப்பிலும் எண்ணெய் கொதிக்கப்படாது என்பது கட்டு. சோறு ஆக்கலாம், பிட்டு அவிக்கலாம், பால்கறி வைக்கலாம். தாளிப்பதும் பொரிப்பதும் இல்லை. ஊரில் எவரும் இதை மீறியதாகக் கதையே கிடையாது.

மிச்சம் ஒன்பது பேரும் தேறினாலும் ஒன்பதுதான். பத்தாவதாக ஒருவர் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தே தீர வேண்டும். வைத்தால் ஊர் கையை விட்டுப் போகும், வைக்காவிட்டால் கல்லூரி போகும்.

நாவலடிவட்டை எங்கே என்று கேட்டால் கிரான்காரர் மேற்கே கையை நீட்டுவார்கள். பாலம் தாண்டி, நெல்வயல்களான வெள்ளாமை வட்டைகளுக்கு நடுவே பதினெட்டுக் கிலோமீற்றர். வானம் வெளித்திருந்தால் அதற்கும் அப்பால் குடும்பிமலை தெரியும். மார்கழியில் வெள்ளம் வீதியை மூடினால் தோணிதான். தோணியும் ஓடாத நாளில் நாவலடிவட்டை தனி நாடு, கொடி ஒன்றுதான் இல்லை. நகரத்துக்குப் போய்ப் படியுங்கள் என்று கடிதம் எழுதுகிற பெரிய மனிதர்கள் இந்த வீதியில் ஒரு மார்கழியாவது வந்துபோயிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். பாடநெறி நகரத்துக்குப் போனால் பிள்ளைகள் நகரத்துக்குப் போகமாட்டார்கள், வீட்டோடு நிற்பார்கள். கேதீஸ்வரி கிரானில் பிறந்தவள், இது அவளுக்குத் தெரியும்.

ஒன்பது வருசத்துக்கு முன் அவள் வந்தபோது கல்லூரி என்று இருந்தது கூட்டுறவுச் சங்கம் கைவிட்ட ஒரு நெற்களஞ்சியம், மூன்று தையல் மெசின், ஏழு பெண்கள். வௌவால் கலைக்கவே முதல் மாதம் போயிற்று. பிறகு மோட்டார் சைக்கிள் திருத்துகிற வகுப்பு வந்தது, அதன் பிறகு உழவு இயந்திரம், அறுவடை இயந்திரம். பாசிக்குடா ஹோட்டல்களில் ஆள் கேட்கிறார்கள் என்று சமையலும் தொடங்கினாள். அதற்கு ஏறாவூரிலிருந்து றிஸான் வந்தான். டோஹாவில் ஒரு பெரிய ஹோட்டல் குசினியில் எட்டு வருசம் நின்ற கை. இப்போது மலையடிக் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து, நூற்றி நாற்பது பேர்.

ஆனால் இந்த நூற்றி நாற்பது சும்மா வரவில்லை. முதல் ஏழு வருசமும் நாற்பதைத் தாண்டவே இல்லை. களஞ்சியம் ஊர் எல்லைக்கு வெளியே நின்றது, எல்லைக்கு வெளியே பெண் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்றார்கள். அந்த எல்லை எந்த வரைபடத்திலும் இல்லை. சடங்கின் மூன்றாம் நாள் அம்மனின் கும்பத்தைத் தலையில் சுமந்து ஊரைச் சுற்றி வருவார்கள். அந்தச் சுற்று வழிதான் எல்லை. கேதீஸ்வரி கோயிலுக்கு நடையாய் நடந்தாள். எங்கள் கல்லூரியையும் ஒருக்கால் சுற்றி வாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டாள். இரண்டு வருசத்துக்கு முந்திய வைகாசியில் கும்பம் களஞ்சியத்தைச் சுற்றி வந்தது. அடுத்த மாதமே அறுபது பேர் புதிதாய்ச் சேர்ந்தார்கள். அன்றைக்கு அவள் பட்ட சந்தோசத்துக்கு அளவில்லை. எல்லைக்குள் வந்தால் எல்லைக்குள் இருக்கிற கட்டும் கூடவே வரும் என்பதை மட்டும் யோசிக்க மறந்துபோனாள்.

பரீட்சைக்குத் திகதி கொடுக்கும்போது அவள் கண்மூடித்தனமாய்க் கொடுக்கவும் இல்லை. மாசி மாதமே கோயிலில் விசாரித்து, சடங்கு முடிந்து ஒரு கிழமை இடைவெளி விட்டுத்தான் எழுதி அனுப்பினாள். நடுவில் கோயிலை நடத்துகிற குடியில் ஒரு சாவு விழுந்தது. துடக்குக் கழியும்வரை கதவு திறக்க முடியாதென்று சடங்கு தள்ளிப்போய், பரீட்சையின் தலையில் வந்து குந்திக்கொண்டது. செத்தவரைக் கோபிக்க முடியுமா? அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து மன்றாடினாள். சடங்கு நாளில் ஆகாத மீன், இறைச்சிச் சீட்டுகளை எடுத்துவிடுகிறோம் என்றார்கள், அதுவே பெரிய தயவு. பொரிக்கிற சீட்டை எடுக்க முடியாது, அது பாடத்தில் ஓர் அலகு. திகதியும் மாறாது. அடுத்த சுற்றுக்கு நாலு மாதமாகும், அதற்குள் கல்லூரியைப் பற்றிய முடிவு எடுத்தாகிவிடும்.

றிஸான் ஒரு வழி சொன்னான். மற்ற ஒன்பதையும் தாளிக்காமல் செய்யப் பழக்கிவிடலாம், எண்ணெய்ச் சீட்டு இரண்டையும் யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே முடித்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றான். எண்ணெய் மணத்துக்கு யன்னல் ஒரு தடையா என்று கேதீஸ்வரி கேட்டாள். அதோடு, சமையல் வகுப்பில் முதலாவதாய் வருகிற பிள்ளை பிரஷாந்தி. அவளுடைய தகப்பன் நல்லரத்தினம்தான் கோயிலின் வண்ணக்கர், அதாவது கோயிலின் நிர்வாகமும் கட்டும் அவர் பொறுப்பு. அவர் மகள் நிற்கிற குசினியில் ஒளித்துப் பொரிப்பதா? தாளிக்காமல் பழக்குவது சரி, ஒளிக்கிற வழியைக் கேதீஸ்வரி அங்கேயே வெட்டிவிட்டாள். ஏழு வருசம் கெஞ்சி வாங்கிய நம்பிக்கை அது.

ஆகவே சடங்குக்குக் கோயில் கதவு திறக்கிற திங்கட்கிழமை காலையில் நேரே வண்ணக்கரிடம் போனாள். அவர் கோயில் முன்றலில் பந்தல் போடுகிறவர்களை மேற்பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"மிஸ், எண்ணெய்க்கு என்னட்ட உத்தரவு கேக்காதீங்க," என்றார் கடைசியில். "அது என்ட கையில இல்ல. ஆனா வழி என்ட கையில இரிக்கி. புதன்கிழமை கும்பம் பழைய வழியால போனா உங்கட இடம் எல்லைக்கு வெளியில. மறுகா நீங்க என்னத்தப் பொரிச்சாலும் ஊருக்குப் பேச்சில்ல. ஒண்டு மட்டும் சொல்லுறன், எடுத்த எல்லைய விட்டா விட்டதுதான். திருப்பிக் கேட்டு வரப்படா."

புதன்கிழமை பின்னேரம் கும்பம் புறப்பட முன் முடிவு சொல்கிறேன் என்று அவள் திரும்பி வந்தாள்.

இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கணக்கு நேரானதுதான். கல்லூரியே இல்லாமல் போனால் எல்லை எதற்கு? பழைய வழியால் போகட்டும் என்று சொல்லிவிடுவதே புத்தி. பிள்ளைகள் சான்றிதழோடு போகட்டும், கட்டடம் வரட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம். புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் அவள் அந்த முடிவில்தான் இருந்தாள். வண்ணக்கரிடம் சொல்ல வேண்டிய வசனத்தைக் கூட மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

மூன்று மணிக்குக் கோயிலுக்குப் போவதற்காகக் கல்லூரி வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசலின் இரண்டு பக்கமும் வேப்பங்குழை கட்டியிருந்தது. தையல் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் நாலைந்து பேர் நிறைகுடம் வைத்துக்கொண்டிருந்தார்கள். இயந்திர வகுப்புப் பெடியன்கள் முற்றம் முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தார்கள், முழங்கால்வரை சேறு. அவள் ஒருவரையும் செய்யச் சொல்லவில்லை. அதில் ஒரு தாய், முதல் வருசத்தில் அவளை வீட்டுப் படலைக்கு உள்ளேயே விடாமல் திருப்பி அனுப்பியவள். இப்போது குடத்தின் மேல் தேங்காயை வைத்து, சரியாய் இருக்குதா மிஸ் என்று கேட்டாள். கேதீஸ்வரி சரியாய் இருக்குது என்று தலையை ஆட்டினாள்.

அவள் கோயிலுக்குப் போய்ச் சேர முன்பே உடுக்குச் சத்தம் கிளம்பிவிட்டது. களஞ்சியத்துக்குப் போகிற ஒழுங்கை பிரிகிற முடக்கில் அவள் ஊர்வலத்தைச் சந்தித்தாள். நேரே போனால் பழைய வழி, இடப்பக்கம் கிறுகினால் கல்லூரி. வாயை வெள்ளைத் துணியால் கட்டி, கும்பத்தைத் தலையில் சுமந்து கப்புகனார் முன்னால் வந்தார். கோயில் பூசை அவர் கையில். அவருக்குப் பக்கத்தில் வண்ணக்கர். முடக்கில் வந்ததும் வண்ணக்கர் கையை உயர்த்தினார், எல்லாரும் நின்றார்கள். ஏன் நிற்கிறோம் என்று பின்னால் வந்த சனத்துக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

கும்பத்தோடு கனநேரம் நிற்கக் கூடாது. கப்புகனாரின் கால்கள் தரிக்காமல் ஆடின. பழைய வழியால் போங்கள் என்கிற வசனம் அவள் நாக்கின் நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் வாசலில் குடத்தோடு நிற்கிற அந்தத் தாய்க்கு நாளைக்கு என்ன சொல்வது?

"எங்கட பக்கம் கொண்டு வாங்க, வண்ணக்கர்," என்றாள்.

அவர் கையை இடப்பக்கம் காட்டினார். உடுக்கு மறுபடி எழும்பியது. கேதீஸ்வரியும் சனத்தோடு சேர்ந்து நடந்தாள். கல்லூரியைக் கையோடு குழியில் இறக்கிவிட்டேனா என்று ஒரு மனம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கும்பம் வாசலில் நின்று, களஞ்சியத்தைச் சுற்றி, பின்பக்கம் போயிற்று. அங்கே ஒரு நீர்ப்பாசன வாய்க்கால். சிறுபோக வெள்ளாமைக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள், கரைமுட்ட ஓடியது. கப்புகனார் வாய்க்கால் கரைவரை போய், பெருவிரல் தண்ணீரில் படாமல் கிறுகினார். பின்னால் வந்த ஒருவர், வாய்க்கால் தாண்டப்படா, தாண்டப்படா என்று பிள்ளைகளை இழுத்துப் பிடித்தார். கேதீஸ்வரி நிமிர்ந்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். போன வருசம் உழவு இயந்திர வகுப்புக்கென்று கல்லூரி குத்தகைக்கு எடுத்த வட்டைத் துண்டு அங்கே கிடந்தது, ஓரத்தில் கல்லூரியின் பெயர்ப்பலகையோடு. ஒன்றரை ஏக்கர். எல்லை அன்றைக்கு இருந்த கல்லூரியைச் சுற்றிப் போட்டது. கல்லூரி அதற்குப் பிறகும் வளர்ந்துவிட்டது.

ஊர்வலம் முடிந்ததும் வண்ணக்கரைப் பிடித்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எண்ணெய் கொதித்தால் என்ன என்று கேட்டாள்.

"அங்கால வட்டை," என்றார் அவர். "வட்டைக்குள்ள வெள்ளாமைக் காவல்காரன் வாடியில என்னத்தப் பொரிக்கான் எண்டு நான் போய்ப் பாத்தனா? ஆனா காத்தப் பாத்துக்கங்க மிஸ். இது கச்சான் காலம். மணம் கோயிலுக்குள்ள வந்தா, கப்புகனார் உடுக்க வச்சிப்போட்டு எழும்பிருவார். அதுக்கு மறுகா என்னால ஒண்டும் ஏலா."

கச்சான் மேற்கிலிருந்து வீசும். வட்டை மேற்கே, கோயில் கிழக்கே. ஆனால் கச்சான் பத்து மணிக்குப் பிறகுதான் மூச்சுப் பிடித்து வீசத் தொடங்கும். பரீட்சை எட்டரைக்கு. கெட்டித்தனமாய்ச் செய்தால் காற்றுக்கு முன் முடித்துவிடலாம். இரண்டு நாளில் முதல் தடவையாக அன்றைக்குக் கேதீஸ்வரி சோறு சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை பரீட்சகர் எட்டரைக்கு வரவில்லை. ஒன்பதரைக்கும் வரவில்லை. வீதியில் யானை நிற்கிறது, அது போனால்தான் வாகனம் போகும் என்று தொலைபேசியில் செய்தி வந்தது. யானைக்குப் பரீட்சை நேரம் சொல்லி வைக்க முடியாது. பத்தரைக்கு அவர் வந்து இறங்கும்போது வாசல் வேப்பங்குழை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

பெயர் அஞ்சலா. நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பம், அறுபதை எட்டும் வயது, சிரித்ததை ஒருவரும் கண்டதில்லை. அவர் சீட்டு உறையைத் திறக்கும்முன் கேதீஸ்வரி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அஞ்சலா கேட்டுவிட்டு, பதிவுப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாய்ப் படித்தார். வளாகம், வாய்க்காலுக்கு மேற்கே உள்ள பயிற்சி வட்டை உட்பட என்று போன வருசம் கேதீஸ்வரியே தன் கையால் எழுதியிருந்தாள்.

"பதிஞ்ச வளாகத்துக்குள்ள எண்டுதான் விதி சொல்லுது. குசினிக்குள்ள எண்டு சொல்லல்ல," என்றார். "செய்யட்டும். ஆனா ரெண்டு மணித்தியாலம் ரெண்டு மணித்தியாலம்தான். சாமான எடுக்கிறதும் காவுறதும் அதுக்குள்ள. பரீட்சை எழுதுற ஆள் தவிர ஒருத்தரும் கை வைக்கப்படா, ஒரு சொல் பேசப்படா. நீங்களும்தான்."

பிள்ளைகள் வரிசையாய் வந்து சீட்டு எடுத்தார்கள். இடியப்பமும் சொதியும், மஞ்சள் சோறு, பாற்சோறு, கீரைச் சுண்டல் என்று ஒவ்வொன்றாய் வாசிக்க, கேதீஸ்வரி விரல் மடித்தாள். முதல் எண்ணெய்ச் சீட்டு நிலோஜனுக்கு வந்தது, உழுந்து வடை. நல்ல பெடியன், கை மட்டும் பதறும். மற்றது பிரஷாந்திக்கு. மரக்கறி ரோல்ஸ், பன்னிரண்டு, ஒரே அளவு, ஒரே நிறம்.

பிரஷாந்தி சீட்டைப் படித்துவிட்டு அதை நாலாய் மடித்தாள். அவளுடைய தகப்பன் அந்த நேரம் முந்நூறு மீற்றர் தள்ளி, கோயிலுக்குள் மத்தியானப் பூசைக்கு நின்றார். வகுப்பில் இத்தனை பேர் இருக்க இவளுக்கா வர வேண்டும் என்று கேதீஸ்வரி நினைத்தாள். றிஸான் சுவரோடு சாய்ந்து நின்று வாய்க்குள் ஓதத் தொடங்கினான்.

பன்னிரண்டு மணி ஆகும்போது ஒன்பது பேருடைய சமையலும் மேசைக்கு வந்துகொண்டிருந்தது. நிலோஜனுடைய வடை மேசைக்கு வரவில்லை. அடுப்பை ஒரு நடையிலும் சிலிண்டரை மறு நடையிலும் அந்தக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன், மூன்றாவது நடையில் அரைத்த உழுந்துப் பாத்திரத்தோடு வாய்க்காலுக்கு மேல் போட்டிருந்த தென்னங்குற்றியில் கால் வைத்தான். குற்றி உருண்டது. ஆள் தப்பிவிட்டான், உழுந்து வாய்க்காலோடு போயிற்று. அதைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, வெறும் பாத்திரத்தைப் பார்த்தபடியே இருந்தான்.

ஆகவே பிரஷாந்தி ஒருத்திதான். அவள் தேறினால் பத்து. தேறாவிட்டால் ஒன்பது வருசமும் அந்த உழுந்து போன வழியே.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, குற்றியை நம்பாமல் நேரே தண்ணீருக்குள் இறங்கினாள். நிலோஜனுடையதைத் தொடக் கூடாது, தன் அடுப்பு ஒரு நடை. சின்னச் சிலிண்டரைத் தலையில் வைத்து ஒரு நடை. சட்டியும் எண்ணெய்ப் போத்தலும் ஒரு நடை. உருட்டி, தூள் பிரட்டி வைத்த ரோல்ஸ் தட்டை ஈரத்துணி போட்டு மூடி, மார்போடு அணைத்துக் கடைசி நடை. கரையில் நின்ற அஞ்சலா மணிக்கூட்டையே பார்த்தார். இருபத்தொன்பது நிமிடம் மிச்சம்.

வட்டைக்குள் கச்சான் சுழன்று அடித்தது. அவள் அடுப்பை மூட்டினாள், அணைந்தது. உடம்பால் மறைத்துக்கொண்டு மறுபடி மூட்டினாள், மறுபடி அணைந்தது. நெருப்புப் பெட்டியில் குச்சி குறைந்துகொண்டு வந்தது. அப்போது உழவு இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டு வட்டையின் மேற்கு ஓரத்தில் ஏறியது, பின்னால் பலகை அடித்த பெரிய பெட்டி. மெல்ல மெல்லப் பின்னால் வந்து, அடுப்புக்கு மேற்குப் பக்கமாய்க் குறுக்கே நின்றது. ஓட்டி வந்த பெடியன் அடுப்பைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"இது என்ன?" என்று கேட்டார் அஞ்சலா.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு இயந்திர வகுப்புக்கு வட்டைப் பயிற்சி, நேரசூசியில் இருக்கிறது என்றாள் கேதீஸ்வரி. அது உண்மைதான். பெட்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துவது அன்றைய பாடம் என்பது மட்டும் நேரசூசியில் இல்லை. அஞ்சலா உழவு இயந்திரத்தைப் பார்த்தார், பிறகு மணிக்கூட்டுக்குத் திரும்பினார்.

அடுப்புப் பற்றிக்கொண்டது. எண்ணெய் சூடேற ஒன்பது நிமிடம் போயிற்று. முதல் நாலு ரோல்ஸும் சட்டிக்குள் இறங்கிய சத்தம் கரைவரை கேட்டது. கூடவே மணம் கிளம்பியது. மிளகும் கறிவேப்பிலையும் வெங்காயமும் எண்ணெயில் கலந்த அந்த மணத்தை வேறு நாளாயிருந்தால் கேதீஸ்வரி வாயூற அனுபவித்திருப்பாள். பெட்டி அடுப்பைக் காத்தது, மணத்தை அதனால் மறிக்க முடியுமா? கச்சான் அதைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைக் கடந்து, களஞ்சியத்தைக் கடந்து, நேரே கோயில் பக்கம் போயிற்று.

கோயிலில் உடுக்கு நின்றது.

காலையிலிருந்து விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம். பாதிப் பாட்டில் நின்றது. பிரஷாந்தியின் கை சட்டிக்கு மேல் அப்படியே நின்றது. அவளும் கேட்டிருக்கிறாள். சட்டிக்குள் இருந்த நாலும் பொன்னிறம் தாண்டுகிற நேரம். அவள் கோயில் பக்கம் பார்த்தாள், பிறகு கேதீஸ்வரியைப் பார்த்தாள்.

எடு புள்ள, கருகப்போகுது என்று கத்த வேண்டும் போல் இருந்தது கேதீஸ்வரிக்கு. போதும், அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்று சொல்லவும் வேண்டும் போல் இருந்தது. இரண்டும் உண்மை. இரண்டையும் சொல்ல வழியில்லை. தன் கல்லூரிக்காக இந்தப் பிள்ளையைத் தகப்பனுக்கும் ஊருக்கும் நடுவே நிறுத்திவிட்டேனே என்ற குற்ற உணர்ச்சி அந்த ஒரு நிமிடத்தில் அவளைத் தின்றுவிட்டது. பதினொரு நிமிடம் என்றார் அஞ்சலா, காற்றிலே சொல்கிற மாதிரி.

பிரஷாந்தி குனிந்தாள். நாலு ரோல்ஸையும் அரிகரண்டியால் வாரி எடுத்து வடிய வைத்தாள். அடுத்த நாலையும் எண்ணெய்க்குள் இறக்கினாள். கை பதறவில்லை, கண்ணால் மட்டும் தண்ணீர் ஓடிற்று.

அப்போதுதான் கோயில் பக்கம் புகை எழும்பியது. முதலில் வெள்ளையாய் ஒரு கீற்று, பிறகு கூரைக்கு மேல் திரள் திரளாய். பந்தல் பற்றிக்கொண்டதோ என்று றிஸான் இரண்டடி ஓடிவிட்டான். வட்டைப் பக்கம் காற்று ஒருதரம் தணிந்து எதிர்ப்பக்கம் புரண்டபோதுதான் அது என்னவென்று தெரிந்தது. சாம்பிராணி. ஒரு கலயத்துப் புகை அல்ல, கோயிலில் இருக்கிற அத்தனை கலயத்திலும் ஒன்றாய்ப் போட்ட புகை. அந்தப் புகைக்குள் நின்று பார்த்தால் பக்கத்தில் நிற்கிறவன் தெரியாது, மூக்குக்கும் வேறொன்றும் எட்டாது. கொஞ்ச நேரத்தில் உடுக்கு விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கியது.

அஞ்சலா ஒரு ரோல்ஸை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து உடைத்தார். சத்தம் கேட்டுத் தலையாட்டினார். பன்னிரண்டையும் வரிசையாய் வைத்து அளவு பார்த்தார், முதல் நாலையும் தனியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிறம் ஒரு படி கூடத்தான், அதற்குப் புள்ளி வெட்டினார். பிறகு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கேதீஸ்வரியிடம் நீட்டினார். பத்து என்று எழுதியிருந்தது. நிலோஜன் புரட்டாதியில் மறுபடி எழுதலாம் என்றும், அதற்குள் அந்தத் தென்னங்குற்றிக்குப் பதிலாக ஒரு பாலம் போடுங்கள் என்றும் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

பின்னேரம் வண்ணக்கர் வந்தார். சடங்கு விரதத்தில் இருந்ததால் உள்ளே வரவில்லை, வெறுங்காலோடு வாசலில் நின்றார். சட்டையெல்லாம் சாம்பிராணி மணம். கேதீஸ்வரியும் றிஸானும் எழுந்து போனார்கள். என்ன சொல்லப்போகிறாரோ என்ற பயத்தில் அவள் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். அவர் கையால் மறித்தார்.

"கப்புகனார் உடுக்க நிப்பாட்டிப்போட்டு என்ட மூஞ்சியப் பாத்தார். சனமும் பாத்திச்சி. நான் என்னத்தச் சொல்லுற? சாம்பிராணியக் கொட்டுங்கடா எண்டன்," என்றார். "ஏழு நாளைக்கு எண்டு வச்ச சாம்பிராணி மிஸ். ஒரு மத்தியானத்தோட சரி. நாளைக்கு ஒரு துண்டும் இல்ல."

விடியப் பஸ்ஸிலேயே ஏறாவூர்க் கடையிலிருந்து இரண்டு கிலோ கொண்டுவந்து வாசலில் தருகிறேன் என்றான் றிஸான். அவர் சரி என்று தலையாட்டினார். போகத் திரும்பியவர் நின்றார்.

"எத்தின பேர்?"

"பத்து, வண்ணக்கர்."

"பத்தாவது ஆரு?"

"உங்கட மகள்தான்."

அவர் வாய்க்கால் பக்கம் பார்த்தார்.

"தெரியும்," என்றார். "மணம் வரக்குள்ளயே அவள்ட கை எண்டு தெரிஞ்சி போச்சி. கருகல் ஒண்டும் இல்ல."

பிறகு, பகல் முழுக்க அடித்த காற்றில் அவிழ்ந்து தொங்கிய வாசல் வேப்பங்குழையை எடுத்து, இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.